எலெக்ட்ரிக் கிட்டார்களை ஒப்பிடுவது எப்படி: சமநிலை, கட்டுமானம், பிக்அப்

இரண்டு மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறார்கள். முதலில் நிறம், பிறகு ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பகுதி) உள்ள பெயர், பிறகு எத்தனை பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), கடைசியில் போனால் போகிறது என்று நெக்கை (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து) ஒரு முறை தொட்டுப் பார்ப்பது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பச் சொல்வேன்.

காரணம் எளியது. சால்டரிங் தெரிந்த ஒருவர் பிக்அப்பை ஒரு பிற்பகலில் மாற்றிவிடுவார். தந்தியை முறுக்கும் ட்யூனர், நெக்கின் தலைமுனையில் தந்திகள் படியும் நட், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், சுவிட்ச் எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. ஆனால் நெக்கின் பருமன், உடலின் எடை, தோளில் தொங்கும்போது கிட்டார் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அதோடு பிறந்தவை. எனவே மாற்ற முடியாதவற்றை முதலில் பார்ப்போம், மாற்றக்கூடியவை காத்திருக்கட்டும். இந்தக் கட்டுரையில் பிக்அப்புக்கு நிறைய இடம் உண்டு. வரிசையில் மட்டும் அதற்குக் கடைசி இடம்.

ஒப்பிடுவதற்கு முன்

எல்லாக் கிட்டாருக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே கேபிள், தந்தியை மீட்ட ஒரே பிளெக்ட்ரம். ஆம்ப்ளிஃபயரில் பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, ரிவர்ப் முதலான அலங்காரங்களை அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் சுத்தமான ஒலி மட்டும் போதும். டிஸ்டார்ஷன் போட்டுவிட்டால் சுமாரான கிட்டாரும் வீரமாகப் பேசும். குறைகள் அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

காதை ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, சத்தம். இரண்டு ஒலிகளில் எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுதான் நல்ல ஒலி என்று காது முடிவுகட்டிவிடும். வலிமையான பிக்அப் உள்ள கிட்டார் இந்த ஒரு காரணத்தாலேயே ஜெயித்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை கிட்டாரை மாற்றும்போதும் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைத் திருப்பி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். மற்றொன்று, தந்தி. மாதக்கணக்கில் சுவரில் தொங்கித் துருவேறிய தந்தியோடு இருக்கும் கிட்டாரையும் நேற்று புதுத் தந்தி போட்ட கிட்டாரையும் ஒப்பிட்டால், நீங்கள் தந்திகளைத்தான் ஒப்பிடுகிறீர்கள். தந்தியின் பருமனையும் கேட்டுக்கொள்ளுங்கள். 9 என்று சொல்லப்படும் மெல்லிய தொகுதி போட்ட கிட்டார், 10 போட்டதைவிட விரலுக்கு இதமாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை கிட்டாரைச் சேராது.

எல்லாவற்றையும் ட்யூனர் கருவி வைத்துச் சுருதி சேர்த்த பிறகு, ஒரே மூன்று விஷயங்களை ஒவ்வொன்றிலும் வாசியுங்கள். முதலில், மெதுவாக வருடும் ஒரு திறந்த கார்டு, அதாவது சில தந்திகளை அழுத்தாமலே விட்டுப் பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. அடுத்து, கனத்த ஆறாம் தந்தியில் தொடங்கி மெல்லிய முதல் தந்தி வரை ஒற்றைச் சுரங்களாக ஒரு வரிசை. கடைசியாக, தூக்கத்தில் கேட்டாலும் வாசிக்கக்கூடிய ஏதாவது ஒரு சிறு பகுதி. இன்னும் எதுவும் வாசிக்கத் தெரியாது என்றால், வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். ஆனால் சமநிலை, எடை, நெக் ஆகியவற்றை உங்கள் உடம்புதான் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு கார்டுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: தோளில் மாட்டிப் பாருங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து சோதித்துவிட்டு வாங்குபவர்களே அதிகம். உட்கார்ந்திருக்கும்போது தொடை கிட்டாரைத் தாங்குகிறது. அதனால் சமநிலைக் குறை வெளியே தெரிவதே இல்லை. எழுந்து நின்று, ஸ்ட்ராப் மாட்டி, நெக் சற்று மேல்நோக்கி இருக்குமாறு வாசிக்கும் நிலையில் நிறுத்துங்கள். பிறகு இரண்டு கைகளையும் மெதுவாக எடுத்துவிடுங்கள், விழுந்தால் பிடிக்கத் தயாராக.

நல்ல சமநிலை உள்ள கிட்டார் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். சில கிட்டார்களின் ஹெட்ஸ்டாக் உடனே தரையைப் பார்த்து இறங்கும். இதைத்தான் கிட்டார்க்காரர்கள் நெக் டைவ் என்கிறார்கள். இதன் தொல்லை முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. சுரங்களைப் பிடிக்க வேண்டிய இடது கை, நெக்கைத் தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும். கட்டைவிரல் இறுகும், மணிக்கட்டு வளையும். இடது கையின் வேகம் ஏன் கூடவில்லை என்று பயிற்சியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இது ஏன் நேர்கிறது என்று தெரிந்தால் பார்த்த மாத்திரத்திலேயே ஊகிக்கலாம். ஸ்ட்ராப் இரண்டு பொத்தான்களில் மாட்டப்படுகிறது. கிட்டாரின் எடை மையம் இந்த இரண்டுக்கும் நடுவே வசதியாக விழுந்தால் சமநிலை கிடைக்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் மேல் கொம்பு நீண்டு, அதன் பொத்தான் ஏறக்குறைய 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) நேரே வந்து நிற்கிறது. அதனால் அந்த வடிவம் தோளில் அமைதியாகத் தொங்கும். கிப்சன் நிறுவனத்தின் எஸ்ஜி வடிவத்தில் உடல் மெல்லியது, பொத்தான் நெக் உடலோடு சேரும் இடத்தின் பின்புறம் இருக்கிறது. எடை மையம் பொத்தானை நெருங்கிவிடுவதால் ஹெட்ஸ்டாக் இறங்கப் பார்க்கும். அதே நிறுவனத்தின் லெஸ் பால் எடை மிகுந்தது. ஆனால் அந்த எடை உடலில் இருப்பதால் நெக் பெரும்பாலும் இறங்குவதில்லை. எடை வேறு, சமநிலை வேறு என்பதை இந்த மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்து மாட்டிப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

கடைகளில் பெரும்பாலும் உட்புறம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் கொடுப்பார்கள். அது சட்டையைப் பற்றிக்கொண்டு சாய்வை மறைத்துவிடும். வழுக்கும் நைலான் ஸ்ட்ராப்பில் சோதித்தால்தான் உண்மை தெரியும். லேசான சாய்வு என்றால், வாங்கிய பிறகு அகலமான சொரசொரப்பான ஸ்ட்ராப் போட்டோ, எடை குறைந்த ட்யூனர்கள் மாட்டியோ சமாளிக்கலாம். கைவிட்ட கணமே தலைகுப்புற விழும் கிட்டாரை எனக்கு யாராவது பரிந்துரைத்தால், ஒலி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் முதல் கிட்டாராக ஏற்க மாட்டேன்.

பொத்தானின் இடம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. அது உடலை நோக்கித் தள்ளிப் போகப் போக, கிட்டார் முழுவதும் உங்கள் இடப்பக்கம் நகர்ந்து தொங்கும். முதல் ஃப்ரெட் எட்டாத தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். நின்றபடியே முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டைப் பிடித்துப் பாருங்கள். தோள்பட்டை முன்னால் இழுபடுகிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

எடையை அளக்கக் குளியலறை எடைக் கருவி போதும்: கிட்டாரோடு ஏறி நின்று, பிறகு கிட்டார் இல்லாமல் நின்று கழித்துக்கொள்ளலாம். பொதுவாக 3.2 முதல் 3.8 கிலோ வரை நடுத்தரம். 4.5 கிலோவைத் தொட்டால் ஒரு மணி நேர ஒத்திகையில் தோள் சொல்லிவிடும். மிகக் குறைந்த எடை என்பதும் தானாகவே நல்லதல்ல. பஞ்சு போன்ற உடலோடு கனத்த ஹெட்ஸ்டாக் சேர்ந்தால் அங்கேயும் நெக் டைவ்தான்.

பிறகு உட்கார்ந்தும் பாருங்கள். 1958-இல் வந்த ஃப்ளையிங் வி போன்ற வடிவங்கள் மேடையில் அசத்தும்; மடியில் உட்கார மறுக்கும். வீட்டில் பயிற்சி செய்யப்போவது பெரும்பாலும் உட்கார்ந்துதான். உடலின் விளிம்பு வலது முன்கையில் அழுத்துகிறதா என்பதையும் கவனியுங்கள். ஃபெண்டரின் இன்னொரு வடிவமான டெலிகாஸ்டரின் தட்டையான விளிம்பு சிலருக்குக் கையில் கோடு போட்டுவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்த இடம் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: நெக்

முதலில் நீளம். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் தந்தியின் நீளத்தை ஸ்கேல் என்கிறார்கள். ஃபெண்டர் வழியில் வந்தவை 648 மில்லிமீட்டர், கிப்சன் வழியில் வந்தவை ஏறத்தாழ 628. நடுவில் 635 அளவிலும் கிட்டார்கள் உண்டு. ஒரே பருமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்குக் கொண்டுவர நீண்ட ஸ்கேலில் அதிக இழுவிசை தேவை. அதனால் தந்தி சற்று விறைப்பாகவும் ஒலி சற்றுத் தெளிவாகவும் இருக்கும். குறுகிய ஸ்கேலில் தந்தியை வளைத்துச் சுரத்தை உயர்த்துவது எளிது. முதல் ஃப்ரெட்டின் அகலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். காகிதத்தில் அற்பமாகத் தெரியும் அந்த ஒரு மில்லிமீட்டர், நான்கு விரல்களையும் விரித்துப் பிடிக்கும்போது கைக்குத் தெரியும்.

அடுத்து ஃப்ரெட்போர்டின், அதாவது ஃப்ரெட்டுகள் பதித்த பலகையின், குறுக்கு வளைவு. இதை ஆரத்தால் சொல்வார்கள்: பழைய ஃபெண்டர்களில் 184 மி.மீ., இப்போதைய பலவற்றில் 241 மி.மீ., கிப்சன் வகைகளில் 305 மி.மீ. ஆரம் குறைவானால் வளைவு அதிகம். வளைவு அதிகமானால் கார்டு பிடிக்க இதம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் தந்தியை வளைக்கும்போது அது அடுத்த ஃப்ரெட்டில் உரசி ஒலி அறுந்துபோகலாம்.

நெக்கின் பின்புற வடிவத்துக்கு எண்கள் உதவாது. கைதான் சொல்ல வேண்டும். விரைவாகச் சில சுரங்களை ஓட்டிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பாரே கார்டு ஒன்றை முதல் ஃப்ரெட்டில் பிடித்து ஒரு நிமிடம் விடாமல் வருடிக்கொண்டிருங்கள். கட்டைவிரலின் அடிச்சதை எந்தக் கிட்டாரில் முதலில் வலிக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். சிறிய கைக்கு மெல்லிய நெக் என்று ஒரு பொதுவிதி உலவுகிறது. நான் அதை நம்புவதில்லை. மிக மெல்லிய நெக்கில் உள்ளங்கைக்குப் பிடிமானம் கிடைக்காமல் சிறிய கைகளும் சோர்ந்துபோவது உண்டு.

மூன்றாம் படி: கட்டுமானம்

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். செட்அப் சரியில்லாதது ஒன்று, கட்டுமானமே சரியில்லாதது இன்னொன்று. தந்தி உயரமாக இருப்பது, நெக் லேசாக வளைந்திருப்பது, சுரம் சிறிது பிசகுவது எல்லாம் பெரும்பாலும் செட்அப் வேலை. ஒரு திருகுளியும் அறுகோணச் சாவியும் தீர்த்துவிடும். முறுக்கிக்கொண்ட நெக், ஏறி இறங்கும் ஃப்ரெட்டுகள், நடுக்கோட்டில் உட்காராத பிரிட்ஜ் ஆகியவை கட்டுமானக் குறைகள். முதல் வகைக் குறை உள்ள நல்ல கிட்டாரை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் வகைக் குறையை நல்ல செட்அப் மறைத்திருக்கும் கிட்டாரை எடுத்துக்கொள்வதுதான் புதியவர்களுக்கு வழக்கமாக நேர்வது.

ஃப்ரெட் முனைகளில் தொடங்குங்கள். உள்ளங்கையை நெக்கின் விளிம்போடு சேர்த்து, நட்டிலிருந்து உடல் வரை ஒரு முறை வழித்துச் செல்லுங்கள். பிறகு மறு விளிம்பு. நன்றாக முடித்த நெக்கில் கை வழுக்கிக்கொண்டு போகும். அசட்டையாக முடித்ததில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் ரம்பப் பல்லாக உரசும். வறண்ட காற்றில் மரம் சுருங்க, உலோகம் சுருங்காமல் நிற்பதாலும் முனைகள் நீட்டிக்கொள்ளும். ஆகவே இது ஆலையின் குற்றமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, அரம் போட்டுச் சரிசெய்யவும் முடியும். இருந்தாலும் ஒரு தயாரிப்பாளர் எவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்கிறார் என்பதற்கு இந்த விளிம்பைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்து, கிட்டாரைக் கண்ணுக்கு நேரே தூக்கி, பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நட்டை நோக்கி நெக்கின் நீளத்தைப் பாருங்கள். நட்டின் மேற்கோடும் பிரிட்ஜின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கியிருக்கிறது. அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடலாம்.

நெக்கின் வளைவைச் சோதிக்க, ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் உடலோடு நெக் சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2 அல்லது 0.25 மி.மீ. இருந்தால் சரி, அதாவது விசிட்டிங் கார்டைவிடச் சற்று மெல்லிய இடைவெளி. கூடுதலோ குறைவோ என்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம். பழைய கிட்டாராக இருந்தால் அந்த ராட் ஏற்கெனவே முடிந்தமட்டும் முறுக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். இனித் திருப்ப இடமில்லாத ட்ரஸ் ராட் பெருஞ்செலவுக்கு அடையாளம்.

இப்போது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாதது. ஆறு தந்திகளிலும் எல்லா ஃப்ரெட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, மிதமான பலத்தில் மீட்டுங்கள். ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். ஏதாவது ஒரு சுரம் மட்டும் கரகரத்தால் அடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது என்று பொருள். நெக் முழுவதும் ஒரே மாதிரி கரகரத்தால் அது செட்அப். ஒரு சுரம் அக்கம்பக்கத்துச் சுரங்களைவிடச் சட்டென்று அணைந்துபோனால் அந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு முழுச் சுரம் வரை வளைத்துப் பாருங்கள். கார்வை நடுவில் அறுபடக் கூடாது. 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் கனத்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. அளவில் இருப்பது வழக்கமான தொடக்க அளவு.

நட் சிறிய உறுப்பு, தொல்லை பெரியது. ஒரு தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை இருந்தால் நன்று. பெரிதாக இருந்தால் திறந்த கார்டுகள் கடினமாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கும். தொட்டுக்கொண்டிருந்தால் திறந்த தந்தி இரையும். சுருதி சேர்க்கும்போது டிங் என்று சிறு ஓசையோடு சுருதி தாவினால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. கிட்டார் சுருதியில் நிற்கவில்லை என்றதும் எல்லோரும் ட்யூனரைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் குற்றவாளி நட்தான். உறுதிப்படுத்த, சுருதி சேர்த்துவிட்டு ஒவ்வொரு தந்தியையும் சில முறை நன்றாக வளைத்து வாசித்துவிட்டு மறுபடி ட்யூனர் கருவியில் பாருங்கள். தந்தி புதியது என்றால், இந்தச் சோதனைக்கு முன் அதைக் கையால் இழுத்துத் தளர்த்தியிருக்க வேண்டும்.

12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் சுரமும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும் சிறு துண்டான சேடிலைப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். இது செட்அப் வேலைதான். ஆனால் சேடில் நகர இன்னும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரை போய் முட்டி நின்றும் சுருதி சேரவில்லை என்றால் பிரிட்ஜே தவறான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கலாம். மேலிருந்து பார்க்கும்போது ஆறாம் தந்திக்கும் ஃப்ரெட்போர்டு விளிம்புக்கும் உள்ள தூரமும், முதல் தந்திக்கும் அதன் விளிம்புக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். முதல் தந்தி விளிம்பை விட்டு வழுக்கி விழும் கிட்டார் வாசிக்க வாசிக்க எரிச்சலூட்டும்.

நெக் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி வாய்ச்சண்டைகள் நிறைய. போல்ட் போட்டு முடுக்கியதா, பசை போட்டு ஒட்டியதா, உடலுக்குள் ஊடுருவிச் செல்வதா என்பதை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். போல்ட் போட்ட மிகச் சிறந்த கிட்டார்களும் ஒட்டிய மோசமான கிட்டார்களும் உண்டு. இணைப்பு இறுக்கமாக, இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. பின்னோக்கிச் சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ள பழைய கிட்டார் என்றால், நட்டுக்குப் பின்னால் மரத்தில் மயிரிழை விரிசலோ ஒட்டுப்போட்ட அடையாளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீழே விழுந்தால் முதலில் உடையும் இடம் அதுதான். மர வகையைப் பற்றிய விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. தொடக்கத்தில் இருப்பவர் மகாகனியா ஆல்டரா என்று கவலைப்படும் நேரத்தில் இன்னொரு முறை ஃப்ரெட்டுகளைச் சோதிக்கலாம்.

பிரிட்ஜைப் பற்றி ஒரு சொல். இரண்டு பக்கமும் மிதக்கும், பூட்டு வைத்த ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ் முதல் கிட்டாருக்கு வேண்டாம். ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தின் சுருதியும் குலையும். சுருதியை மாற்றி வாசிப்பதும் பெரும்பாடு. அசையாத பிரிட்ஜ் பத்திரமானது.

கடைசியாக, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து எல்லாக் குமிழ்களையும் ஒரு முறை முழுதாகத் திருப்புங்கள், சுவிட்சை எல்லா நிலைகளுக்கும் தள்ளுங்கள், கேபிள் செருகியிருக்கும் ஜாக்கை லேசாக அசையுங்கள். கரகரப்பு தூசியாக இருக்கலாம். அசைக்கும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது. இரண்டுமே எளிதில் தீரும்.

நான்காம் படி: பிக்அப்

பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. அந்தக் கலைவு கம்பிச் சுருளில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஒரே ஒரு சுருள் இருந்தால் அது சிங்கிள் காயில். ஒலி தெளிவாக, விளிம்புகள் கூர்மையாக இருக்கும். தந்தியைக் கேட்பதுபோலவே அறையில் உள்ள மின்மாற்றிகளையும் விளக்குகளையும் அந்தச் சுருள் கேட்பதால், மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் சேர்ந்தே வரும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முக்கியமானவர் கிப்சனில் பணியாற்றிய சேத் லவர். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிராக வைத்தால், தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும், ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹம்பக்கர் என்ற பெயர் வந்தது இதனால்தான். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-இல் கிட்டார்களில் வந்தது. ஒலி தடிப்பாக, வலிமையாக இருக்கும், உச்சப் பளபளப்பு சற்றுக் குறையும். 1946-இல் வந்த பி-90 என்ற பிக்அப்பும் ஒற்றைச் சுருள்தான் என்றாலும் அகலமானது. இந்த இரண்டுக்கும் நடுவே கரடுமுரடான தனிக்குரல் அதற்கு உண்டு. 1952-இல் வெளிவந்த முதல் லெஸ் பால்களில் இருந்தது அதுவே.

பிக்அப் இருக்கும் இடம் அதன் வகைக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. பிரிட்ஜ் பக்கம் தந்தி விறைப்பாகச் சிறிதளவே அதிர்வதால் ஒலி கூர்மையாக வரும். நெக் பக்கம் அகலமாக அதிர்வதால் உருண்டையாக வரும். இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது ஒலி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் மூன்று பிக்அப்போடும் மூன்று நிலை சுவிட்சோடும்தான் வந்தது. வாசித்தவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே பக்குவமாக நிறுத்தி, இரண்டு பிக்அப் சேர்ந்த ஒலியைத் திருடிக்கொண்டார்கள். 1977-இல்தான் நிறுவனமே ஐந்து நிலை சுவிட்சைப் பொருத்தத் தொடங்கியது. பல கிட்டார்களில் நடு பிக்அப் எதிர்ச்சுற்றில் இருப்பதால் அந்த இரண்டாம், நான்காம் நிலைகளில் ரீங்காரமும் அடங்கிவிடும். சுவிட்சைத் தள்ளும்போது இரைச்சல் அடங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் ஒன்பது ஒலி, பன்னிரண்டு ஒலி என்று எண்ணிக்கை சொல்வார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். நண்பர் ஒருவரைச் சுவிட்சைத் தள்ளச் சொல்லி, சுவிட்சைப் பார்க்காமல் ஒரே கார்டை வாசித்துக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: மெல்லியது, மூக்கடைத்தது, மணி போன்றது என்று எது தோன்றுகிறதோ அது. இரண்டு நிலைகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் அவை ஒரு நிலைதான். ஒரு நிலையை எந்தப் பாட்டுக்கும் பயன்படுத்தத் தோன்றவில்லை என்றால் அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். இப்படி வடிகட்டினால், பன்னிரண்டு ஒலி கிட்டாரில் நான்கும், இரண்டே பிக்அப் உள்ள எளிய டெலிகாஸ்டரில் மூன்றும் மிஞ்சுவது சாதாரணம்.

பல்துறைக் கிட்டார் என்று விற்கப்படுபவற்றில் பிரதானமான உத்தி காயில் ஸ்ப்ளிட். குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்து, மற்றது சிங்கிள் காயில்போல வேலை செய்யும். இதில் மூன்றைக் கவனியுங்கள். சத்தம் எவ்வளவு சரிகிறது? பாதிக்குப் பாதி விழுந்தால், பாட்டின் நடுவில் இழுத்த கணமே நீங்கள் காணாமல் போய்விடுவீர்கள். ரீங்காரம் திரும்பி வருகிறதா? வரும், அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா என்பதே கேள்வி. ஒலி உண்மையிலேயே தெளிவடைகிறதா, அல்லது வெறுமனே சோனியாகிறதா? வலிமை குறைந்த ஹம்பக்கர்களைப் பிரித்தால் வரும் சிங்கிள் காயில் ஒலி பெரும்பாலும் ஏமாற்றம் தரும். அதில் பாதிச் சுற்றுகள்தான் மிஞ்சுகின்றன. சில கிட்டார்களில் சுருளை அணைக்காமல், இரண்டையும் பேரலலாக இணைக்கும் வசதி இருக்கும். ஒலி மெலியும், ரீங்காரமும் வராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டு இடத்திலும் சிங்கிள் காயில் என்ற அமைப்பைச் சுருக்கமாக எச்எஸ்எஸ் என்பார்கள். எந்த வகை இசை வாசிக்கப் போகிறோம் என்று இன்னும் தீர்மானிக்காதவருக்கு என் முதல் பரிந்துரை இது. சோதிக்கும்போது பிரிட்ஜ் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவுங்கள். சத்தத்தில் பள்ளம் விழக் கூடாது. விழுந்தாலும் உடனே நிராகரிக்க வேண்டாம். பிக்அப்பின் இருபுறமும் உள்ள திருகுகளைத் திருப்பி உயரத்தை மாற்றினால் பெரும்பாலும் சமப்படும். ஆனால் சிங்கிள் காயிலைத் தந்திக்கு மிக அருகே உயர்த்தினால் காந்தம் தந்தியையே இழுத்து, கனத்த தந்திகளின் மேல் ஃப்ரெட் சுரங்களில் விசித்திரமான நடுக்கம் கேட்கும். அப்படிக் கேட்டால் பிக்அப்பை இறக்குங்கள், கிட்டார் கெட்டுவிடவில்லை.

குமிழ்களும் பல்துறைத் திறமையில் சேர்த்திதான்; இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் மிதமான டிஸ்டார்ஷன் வைத்துக்கொண்டு கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறையுங்கள். நல்ல கிட்டாரில் ஒலி தெளிந்து சுத்தமாகும். மோசமானதில் கம்பளி போர்த்தியதுபோல மங்கும். டோன் குமிழையும் அப்படியே இறக்கிப் பாருங்கள். மாற்றம் படிப்படியாக வர வேண்டும். கடைசிக் கீற்றில் மட்டும் திடீரென்று விழுந்தால் அந்தக் குமிழ் வெறும் சுவிட்ச்தான். குமிழின் மின்தடை சுருளின் வகைக்கேற்ப வேறுபடும்: சிங்கிள் காயிலுக்குப் பொதுவாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. மங்கலாக ஒலிக்கும் ஹம்பக்கர் கிட்டாரில் 250 போட்டிருந்தால், பிக்அப்பை மாற்றுவதற்கு முன் அதை மாற்றிப் பார்க்கலாம்.

பட்டியலில் கிலோ ஓமில் தரப்படும் பிக்அப் மின்தடையை வலிமையின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பியின் பருமன், காந்த வகை எல்லாம் சேர்ந்துதான் வலிமையைத் தீர்மானிக்கின்றன. 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்அப் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இறுதியாக டிஸ்டார்ஷனை அதிகமாக்கி, தந்திகளைக் கையால் அமுக்கிக்கொண்டு மெல்லச் சுற்றி நில்லுங்கள். ரீங்காரம் திசைக்குத் திசை மாறினால் அது சுருளின் இயல்பு. தந்தியைத் தொட்டதும் அடங்கி, விட்டதும் எழும் இரைச்சலின் ஒரு பங்கு எல்லாக் கிட்டாரிலும் உண்டு. தொட்டால் கூடுகிறது என்றால்தான் உள்ளே ஒயரிங்கில் பிழை.

முடிவெடுக்கும்போது

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கும் முறை கிட்டாருக்குப் பொருந்தாது. அருமையான பிக்அப்புக்கு ஒன்பது, முறுக்கிய நெக்குக்கு மூன்று, சராசரி ஆறு என்று ஒரு பயனற்ற கிட்டார் பாஸாகிவிடும். மாறாக, விலக்கிக்கொண்டே வாருங்கள். நெக் முறுக்கல், முடிந்துபோன ட்ரஸ் ராட், தவறான இடத்தில் பிரிட்ஜ், கைவிட்டதும் விழும் ஹெட்ஸ்டாக்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளியே. மிஞ்சியவற்றில் நெக் உங்கள் கைக்கு இதமானவை எவை என்று பாருங்கள். அப்புறமும் இரண்டு நிற்கின்றன என்றால் பிக்அப் குறிப்புகளை எடுத்து, பயன்படும் ஒலி எதில் அதிகம் என்று எண்ணுங்கள்.

தேர்ந்தெடுத்த கிட்டாருக்கு, நீங்கள் போடப்போகும் தந்தியின் பருமனைச் சொல்லி செட்அப் செய்து தரக் கேளுங்கள். 10 தொகுதிக்குச் செய்த செட்அப் 9 போட்டதும் மாறிவிடும். ஓரிரு வாரம் கழித்து நெக்கின் வளைவையும் 12-ஆம் ஃப்ரெட் சுருதியையும் மறுபடி பாருங்கள். புது இடத்தின் ஈரப்பதத்துக்கு மரம் பழகும்போது இவை சற்று நகர்ந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 40-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் கிட்டாருக்கு நல்லது. அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தால் கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வையுங்கள்.